இது என் மீன் இல்லை

பனங்குப்பம்
18 ஜனவரி 2024

அன்புத் தம்பி அன்பரசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். பொங்கல் நல்லபடியாகப் போனது. நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? உன் பெண்டாட்டி ஆர்த்தி இன்னும் காலையில் வெறும் டீயோடுதான் கடையில் நிற்கிறாளா? நான் திட்டினேன் என்று சொல்.

போனில் பேசினால் போதாதா என்று நீ முனகுவது கேட்கிறது. கிளை அஞ்சலகம் நடத்துகிறவளுக்குச் சொந்தத் தம்பியே கடிதம் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்? இங்கே வருவதெல்லாம் பேங்க் நோட்டீசும் ஆதார் கார்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கடற்கரையில் தூண்டில் போட்டி. வருடா வருடம் மரக்காணம் பக்கத்துக் கடற்கரைத் தூண்டில் சங்கங்கள் மட்டும்தான் கலந்துகொள்ளும். இந்த வருடம் உங்கள் திருவண்ணாமலை சங்கத்தையும் சேர்த்துவிட்டார்கள். உன் மாமாதான் பேசி முடித்தார். இங்குள்ள சங்கத்தின் தலைவர் தசரதன்தான் மாமா வேலை பார்க்கும் இறால் பண்ணைக்கு முதலாளி என்பது உனக்குத் தெரியுமே. "ஏரியில கெளுத்தி புடிக்கிறவனுங்களுக்குக் கடல்ல இன்னாயா வேலை?" என்று சிரித்தாராம். மாமா விடவில்லை. "என் மச்சான் தூண்டில் வீசறத ஒரு வாட்டி பாருங்க சார், அப்புறம் சொல்லுங்க" என்றாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. போட்டியன்று கரையில் ஒவ்வொருவரும் பிடித்த மீனை வாங்கி எடை போடும் இடத்தில் சேர்க்கிற பொறுப்பும் அவருக்குத்தான்.

வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. மணல் ஊசி மாதிரி குத்துகிறது. கண்ணுக்குக் கண்ணாடி கொண்டு வா. காலை டிபன் நம் வீட்டில்தான். பூஜா இப்போதே என்னையும் அவள் அப்பாவையும் நீ எப்போது வருவாய் என்று நச்சரிக்கிறாள்.

உன் அக்கா
வேதா


செங்கம் ரோடு, திருவண்ணாமலை
26 ஜனவரி 2024

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. முதுகு பரவாயில்லை. ஆர்த்தி உன் திட்டை வாங்கிக்கொண்டு சிரித்தாள். நேற்று பௌர்ணமிக் கூட்டத்தில் டீக்கடையில் நிற்க இடமில்லை. ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சுவரில் இருக்கும் என் மீன் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மலைதான் இருக்கிறது என்றேன்.

வேன் பேசிவிட்டோம். ஆறு பேர் வருகிறோம். எங்கள் சங்கத் தலைவர் ஆதிமூலம் ஐயாவும் வருகிறார். சுரேஷ்குமாரும் வருகிறான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அணைக்கட்டுச் சந்தையில் வாங்கிய மீனைத் தான் பிடித்ததாக எடை போடக் கொண்டுவந்தவன்? செயலாளர் என்கிற முறையில் ஒரு வருடம் அவனை விலக்கி வைத்தது நான்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். அவன் மனைவி கடைக்கே வந்து அழுதாள். நான் இறங்கி வரவில்லை. அந்த ஒரு வருடம் இப்போதுதான் முடிந்தது. வேனில் என் பக்கத்தில் உட்காருவானா என்று தெரியவில்லை.

காலையில் ஏரிக்கரையில் நின்று எதிர்க்காற்றில் வீசிப் பழகுகிறேன். நாங்கள் ஏரிக்காரர்கள்தான். ஆனால் கடற்கரைக்காரர்கள் எங்களைச் சமமாக நினைத்துக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நம் ஆட்கள் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. மாமாவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். நேரில் வந்து இன்னும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

பூஜாவுக்கு என்ன வேண்டுமென்று கேட்டு எழுது.

தம்பி
அன்பரசன்


திருவண்ணாமலை
7 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டில் இட்லி தின்றுவிட்டுக் கிளம்பியவன், சொல்லிக்கொள்ளாமலே ஊருக்கு வந்துவிட்டேன். வேனை எடுக்கச் சொல்லி எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். நடந்ததை மாமா சொல்லியிருப்பார். என் வாயாலும் நீ கேட்க வேண்டும்.

அன்று காற்று எப்படி அடித்தது என்று உனக்கே தெரியும். பத்தடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாது. எல்லோரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தோம். எனக்குக் கொடுத்த இடம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் ஆளே இல்லை. இன்னொரு பக்கம் தசரதன். ஈயம் கட்டி வீசினால் காற்று தூண்டில் நரம்பை வில் மாதிரி வளைத்து என் காலடிக்கே கொண்டுவந்தது. மத்தியானம் வரை ஒரு சின்னக் கெளங்கான் மீன்கூட இல்லை. அப்புறம்தான் காற்றோடு சண்டை போடாமல், அலைக்குக் குறுக்கே தாழ்வாக வீசினேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் கடித்தது. அக்கா, அந்த இழுப்பை எப்படி எழுதுவது? ஒரு கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பது மாதிரி இருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, விட்டு விட்டுப் பிடித்து, கடைசியில் ஒரு அலையோடு அலையாக அது மணலில் வந்து விழுந்தது. கொடுவா. என் கைக்குள் அடங்காத உடம்பு. தூண்டில் முள் தொண்டைக்குள்ளே இறங்கிவிட்டதால், அதை உள்ளேயே விட்டு நரம்பை அறுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் மாமா பக்கத்தில்தான் நின்றார். "சபாஷ்டா மச்சான்!" என்று என் முதுகில் அடித்தார். மீன் அவர் கால் மேலேயே துள்ளியது. அவரே அதைப் பையில் போட்டு, என் நம்பர்ச் சீட்டைக் கட்டி எடுத்துப் போனார். போட்டோ எடுக்கவில்லையா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மாமாவே சாட்சியாக நிற்கும்போது போட்டோ எதற்கு?

எடை போடும் இடத்தில் முதலில் தசரதனின் பையைப் பிரித்தார்கள். பெரிய கொடுவா. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்தது என் பை. உள்ளே இருந்த மீனும் கொடுவாதான், ஆனால் சின்னது. தசரதன் அதன் வயிற்றைத் தொட்டார். செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாபா இது? ஐஸ் மாதிரி ஜில்லுனு கீது. தலையில பாரு, வலை அறுத்த கோடு. வாயில முள்ளு பட்ட காயமே இல்ல. வாங்கியாந்த மீனா?"

"சார், இது என் மீன் இல்லை" என்றேன்.

"அத்ததான் நானும் சொல்றேன்" என்றார் அவர். அவ்வளவு பேரும் சிரித்தார்கள்.

நான் மாமாவைப் பார்த்தேன். "மாமா, நீங்களே சொல்லுங்க" என்றேன். "நான் பையை வாங்கி வண்டியில வச்சேன். அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் தராசைத் துடைக்கப் போய்விட்டார். கூட்டத்தையும் முதலாளியையும் பார்த்துப் பயந்திருப்பார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும். பை எங்கேயோ மாறிவிட்டது. அவ்வளவு காற்றில், அவ்வளவு அவசரத்தில் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அக்கா, அவர் எனக்காகச் சண்டை போட வேண்டாம். கரையில் என் மீன் உயிரோடு துள்ளியதைப் பார்த்தேன் என்று எங்கள் சங்கத்துக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நீ சொன்னால் எழுதுவார்.

தம்பி
அன்பரசன்


பனங்குப்பம்
20 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் ஆர்த்தியும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீசில் தணிக்கைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். பூஜாவுக்குச் சளி. இப்போது பரவாயில்லை.

நீ எழுதியதைப் படித்து மனசுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு மனதை விடக்கூடாது. நாலு பேர் நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் வேறு பேச்சு வந்துவிடும். நீ கடை வேலையைப் பார். முதுகுக்கு அந்தத் தைலத்தைத் தொடர்ந்து தடவு. ஆர்த்திக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

பூஜா பள்ளியில் கோலப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா
வேதா


திருவண்ணாமலை
2 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பூஜாவுக்கு என் வாழ்த்தைச் சொல். அவள் சளி முழுக்க விட்டுவிட்டதா?

மாமாவிடம் கேட்டாயா என்று நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். அதனால் மறுபடி கேட்கிறேன்.

போன வாரம் சங்கக் கூட்டம் நடந்தது. என் கடையில்தான் வழக்கமாக நடக்கும். இந்தத் தடவை ஆதிமூலம் ஐயா வேங்கிக்காலில் தன் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அன்பு, நீதானேப்பா இந்த ரூல் எழுதினது? சுரேஷுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு வச்சா சங்கம் எப்படி நிக்கும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என்னை விலக்கி வைத்துவிட்டார்கள். நான் ஆரம்பித்த சங்கம், அக்கா. என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பெயர் வைத்த சங்கம்.

சுரேஷ்குமார் எழுந்து நின்று ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் டீ குடிக்க வந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள் இப்போது எதிர்க்கடைக்குப் போகிறார்கள். அதைக்கூட விடு. நேற்று ஆர்த்தி பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க. கோச்சுக்க மாட்டேன். ஜெயிக்கணும்னு ஆசையில ஏதாச்சும் பண்ணிட்டீங்களா?" கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் கேட்கிறாள்.

மாமா எழுதும் ஒரு வரிக்கு இங்கே என்ன மதிப்பு என்று உனக்குப் புரிகிறதா? அவர் எதிர்த்தரப்பின் ஆள். அவர் சொன்னால் ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள். உன் போனுக்கு இரண்டு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய்.

உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி
அன்பரசன்


பனங்குப்பம்
11 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே மலைச்சூடும் சேர்ந்து இன்னும் ஜாஸ்தியாக இருக்கும். மோர் நிறையக் குடி.

நடுவில் மாமாவுக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். அதனால்தான் எழுத முடியவில்லை. போனில் நீ கூப்பிட்டதைப் பார்த்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

மாமாவிடம் கேட்டேன். அன்றைக்கு இருட்டிவிட்டது, மணல் வேறு, சரியாகப் பார்க்கவில்லை என்கிறார். பார்க்காததை எப்படி எழுதிக் கொடுப்பது? அவரை நீ தப்பாக நினைக்காதே. உன்னை அந்தப் போட்டியில் சேர்க்க அவர் எவ்வளவு பேசினார் என்பது உனக்கே தெரியும்.

சித்திரை பிறக்கப் போகிறது. புது வருடத்தில் எல்லாம் நல்லதாக நடக்கட்டும்.

வேதா


திருவண்ணாமலை
3 மே 2024

அக்காவுக்கு,

மாமாவின் உடம்பு தேறிவிட்டது என்று நினைக்கிறேன். தேறித்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பண்ணை வாசலில் பைக்கை உதைத்துக் கிளப்பியதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆமாம், உன் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. மீன் துள்ளியபோது இருட்டவில்லை, அக்கா. வெயில் இருந்தது. மாமாவின் கைக்கடிகாரக் கண்ணாடியில் அது பட்டு என் கண் கூசியது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த ஒரு வாக்கியம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அதனால்தான் வந்தேன்.

பை எங்கே மாறியிருக்கும் என்று பார்க்கத்தான் கடற்கரைக்குப் போனேன். ஏலக் கொட்டகையில் தனம் என்கிற அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தார். போட்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். நான் யாரென்று சொல்லாமலே அவராகக் கண்டுபிடித்துவிட்டார்.

"நீ போஸ்ட் ஆபீஸ் அம்மாவோட தம்பிதானே? ஜாடை அப்படியே கீது. அன்னைக்கு உங்க மாமா ராஜமாணிக்கம் காலையிலயே வந்து என்கிட்ட ஒரு கொடுவா வாங்கினாரு. அறுக்கட்டுமானு கேட்டேன். வேணாம், முழுசா ஐஸ்ல போட்டுக் குடுனாரு. வீட்டுக்கு விருந்தாளி வந்துகீறாங்களேனு நானும் நல்லதாப் பாத்துக் குடுத்தேன். மறுநாள் உங்க அக்கா இந்தப் பக்கமா போச்சு. மீன் வாங்கலியாம்மானேன். 'வீட்ல பெரிய மீன் இருக்குது, ஜெயிச்ச மீனை முதலாளி எங்களுக்கே குடுத்துட்டாரு'னு சொல்லிச்சு. ஏன்பா, நேத்து வாங்கினத அதுக்குள்ள தின்னுட்டீங்களானு சிரிச்சேன். வெடுக்குனு திரும்பிப் போயிடுச்சு."

கொட்டகைக்கு வெளியே வந்து மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா வாங்கிய மீன் என் பைக்குள் போனது. என் மீன் தசரதன் பைக்குள் போனது. நான் கை தட்டியது என் மீனுக்கே.

திரும்பிப் போய், இதை எங்கள் சங்கத்தில் வந்து சொல்வீர்களா என்று தனம் அம்மாவைக் கேட்டேன். "அய்யோ, நான் அந்த முதலாளிக்குத்தானேபா மீன் போடறேன்" என்று கும்பிட்டார். நான் வற்புறுத்தவில்லை.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மீனை அறுத்தபோது அது யாருடையது என்று உனக்குத் தெரியுமா?

அன்பரசன்


பனங்குப்பம்
27 மே 2024

தம்பிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

அறுக்கும்போது தெரியாது. தொண்டையில் தூண்டில் முள் இருந்தது. முள் கட்டுகிற இடத்தில் நீ சிவப்பு நூல் சுற்றுவாயே, அந்தச் சுற்று. உன் மாமாவைக் கேட்டேன். சொன்னார். அதற்குள் புளி கரைத்தாகிவிட்டது. வீட்டுக்குள் வந்த மீனை என்ன செய்யச் சொல்கிறாய்?

அவர் கெட்டவர் இல்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் பையில் போட்டுக்கொள்ளத்தான் முதலாளி அந்த மீனை வாங்கிவரச் சொல்லியிருந்தார். உனக்குப் பெரியது மாட்டியதும் இரண்டையும் மாற்றிவிடு என்றார். உன் பையில் வைத்த சின்ன மீனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள், அதோடு முடிந்துவிடும் என்று இவர் நினைத்தார். அவ்வளவு கூட்டத்தில் உன் பெயரைக் கெடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி இவர் சாப்பிடவில்லை. வேலை போய்விட்டால் எங்கள் கதி என்ன என்று நீயே யோசி.

இன்னொரு விஷயம். பூஜா போன வாரம் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். ஜூன் பதினாறு மண்டபத்தில் சடங்கு வைத்திருக்கிறோம். தாய்மாமன் நீ ஒருவன்தான். நீ வந்து மாலை போடாமல் அவளை எப்படி மணையில் உட்கார வைப்பது? தினமும் உன்னைத்தான் கேட்கிறாள்.

வா. ஆனால் அந்தப் பேச்சை அங்கே எடுக்காதே. உன் காலைத் தொட்டுக் கேட்பதாக வைத்துக்கொள்.

வேதா


திருவண்ணாமலை
19 ஜூன் 2024

அக்காவுக்கு,

பூஜா நலமாக இருக்கிறாளா? மூன்று மணி நேரம் பட்டுப்புடவையில் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தாள். வேர்க்குரு வந்திருந்தால் சந்தனம் தடவு.

நான் வந்தேன். நீ கேட்டபடியே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆர்த்தியும் நானும் சீர்த்தட்டு எடுத்து வந்தோம். ஆர்த்திக்கு எல்லாம் தெரியும். தனம் சொன்னதைச் சொன்ன அன்று, என்னைச் சந்தேகப்பட்டதற்காக அவள் அழுத அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும். இருந்தும் மண்டப வாசலில் சிரித்துக்கொண்டேதான் நின்றாள். பூஜாவுக்கு மாலை போட்டேன். அவள் என் காதில், "மாமா, இன்னைக்கு இங்கயே இருங்க, ஊருக்குப் போகாதீங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து தசரதன் எழுந்து வந்தார்.

"இன்னா தம்பி, சீரெல்லாம் ஜோரா கீது. நாளைக்கு 'இது என் சீர் இல்ல'னு சொல்லிட மாட்டியே?"

மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அவர் சிரித்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் உன்னைத்தான் பார்த்தேன். என் தோள் படும் தூரத்தில் ஆரத்தித் தட்டோடு நின்றாய். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாம், அக்கா. "என் தம்பியை அப்படிப் பேசாதீங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். விசேஷ வீட்டில் எந்த அக்காவும் சொல்கிற வார்த்தைதான் அது. யாருடைய வேலையும் அதனால் போயிருக்காது. நீ குனிந்துகொண்டு, ஏற்கெனவே சிவந்திருந்த ஆரத்தித் தண்ணீரை விரலால் மறுபடி கலக்கினாய்.

அந்த மீனை நீ சமைத்ததை ஒரு வழியாக விழுங்கியிருந்தேன். பயத்தில் செய்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இதை விழுங்க முடியவில்லை.

சாப்பிடாமல் ஏன் போனீர்கள் என்று உறவுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். என்ன பதில் சொன்னாயோ தெரியாது. உன் வீட்டுத் தண்ணீர்கூட எங்களுக்குத் தொண்டையில் இறங்கியிருக்காது.

வரும் ஞாயிறு சங்கக் கூட்டம். என்னைப் பேச விடுங்கள் என்று ஆதிமூலம் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். தனம் பெயரைச் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தையும் காட்ட மாட்டேன். மாமா செய்ததையும் தசரதன் செய்யச் சொன்னதையும் சொல்வேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். பின்னால் கேள்விப்பட்டு, முன்பே சொல்லவில்லையே என்று நீ நினைக்கக் கூடாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

அன்பரசன்


பனங்குப்பம்
15 ஜூலை 2024

அன்பரசா,

திருப்தியா உனக்கு?

உங்கள் சங்கத்திலிருந்து இங்குள்ள சங்கத்துக்குக் கடிதம் வந்தது. தசரதன் எல்லோரையும் கூட்டி வைத்து, "எனக்கு ஒண்ணுமே தெரியாது. ராஜமாணிக்கம்தான் என்னை சந்தோஷப்படுத்தணும்னு அவனாவே மாத்திட்டான்" என்று சொல்லிவிட்டார். போட்டியில் வாங்கிய கப்பைத் திருப்பித் தருகிறேன் என்றார். எல்லோரும் அவரைப் பெரிய மனுஷன் என்று புகழ்கிறார்கள். அவர் நல்லவராகிவிட்டார். என் வீட்டுக்காரர் திருடராகிவிட்டார். மறுநாளே பண்ணைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாசலைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நான் போட்டால்தான் சோறு என்று நினைவு வருகிறது.

பூஜாவைப் பள்ளியில் "மீன் திருடி" என்று கூப்பிடுகிறார்களாம். வயிற்றுவலி என்று சொல்லிப் பத்து நாளாகப் போகவில்லை. நேற்றுதான் காரணத்தைச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அவள் என்ன செய்தாள் உனக்கு?

ஒரு மீனுக்காக, ஒரு கப்புக்காக, கூடப் பிறந்தவளைக் காட்டிக்கொடுத்தாய். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நீ பொறுத்துக்கொள்வாய் என்று நம்பினேன். என் தம்பிதானே, என்னைவிட்டு எங்கே போய்விடுவான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் பேசாமல் இருந்தேன்.

உனக்கு உன் சங்கம் கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இரு.

வேதா


திருவண்ணாமலை
22 ஜூலை 2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இங்கே நானும் ஆர்த்தியும் சுகம்.

கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் முதலில் எழுந்தவன் சுரேஷ்குமார். "நான் தப்பு பண்ணவன். தப்பு பண்ணவன் மூஞ்சி எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னைக்குக் கடற்கரையில இவன் மூஞ்சி அப்படி இல்ல" என்றான். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவன் கையைப் பிடித்தேன். அவன் மனைவி அழுதபோது நான் இறங்கி வராததை இருவரும் பேசவில்லை.

மறுபடி செயலாளராக இருக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். கப்பை அனுப்ப வேண்டாம் என்று தசரதனுக்கும் எழுதிவிட்டேன்.

நான் பொறுத்துக்கொள்வேன் என்று நம்பியதாக எழுதியிருக்கிறாய். அதை நாலைந்து தடவை படித்தேன். ஊரார் முன்னால் என்னைத் தள்ளிவிடும்போதெல்லாம், இவன் நம்மவன்தானே, தாங்குவான் என்று நினைத்துத்தான் தள்ளியிருக்கிறாய். மாமா மீது எனக்குக் கோபம்தான். அது ஒரு நாள் ஆறிவிடும். உன் மீது இருப்பது கோபம் இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அது ஆறும் என்றும் தோன்றவில்லை. அதனால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

பூஜாவைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. வேங்கிக்காலில் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையை ஆர்த்தி போய்ப் பார்த்தாள். மாற்றுச் சான்றிதழ் இருந்தால் இந்த மாதமே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்து படிக்கட்டும். மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடித்தாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். விடுமுறை வரும்போதெல்லாம் உங்களிடம் அனுப்பி வைக்கிறேன். நடந்ததைப் பற்றி இந்த வீட்டில் அவள் காதில் ஒரு வார்த்தை விழாது. அதற்கு நான் பொறுப்பு.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஆர்த்தி வருவாள். துணிமணியையும் புத்தகத்தையும் கட்டி வை.

நீ கொண்டுவந்து விட வேண்டாம்.

அன்பரசன்